மூளை இரத்தக்குழாயில் புடைப்பு: உருவத்தைப் பார்த்து ஆபத்தைச் சொல்ல முடியுமா?

தலைவலி என்றோ தலைசுற்றல் என்றோ காரைக்குடியில் ஒருவருக்கு ஸ்கேன் எடுக்கிறார்கள். தலைவலிக்குக் காரணம் எதுவும் அகப்படவில்லை. ஆனால் ரிப்போர்ட்டின் கடைசியில் ‘அனூரிசம், 4 மி.மீ.’ என்று ஒரு வரி இருக்கிறது. சாயங்காலத்துக்குள் அந்தப் பக்கம் போட்டோவாகிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடும். சிங்கப்பூரில் இருக்கும் மகன், சென்னையில் இருக்கும் மருமகள், தேவகோட்டைச் சித்தப்பா என ஆளுக்கொன்று சொல்வார்கள். “தலைக்குள்ள பாம் மாதிரி, எப்ப வேணா வெடிக்கும்” என்பார் ஒருவர். “நாலு மில்லிமீட்டர்தானே, ஏழுக்குக் கீழ இருந்தா ஒண்ணும் ஆகாது ஆச்சி” என்பார் இன்னொருவர். “இப்பல்லாம் ஏ.ஐ. அதோட வடிவத்தைப் பார்த்தே எப்ப வெடிக்கும்னு சொல்லிடுதாம்” என்று மூன்றாமவர் ஒரு வீடியோவை அனுப்பி வைப்பார்.

மூன்றுமே தப்பு. முதலாவது வீணாகப் பயமுறுத்துகிறது, இரண்டாவது வீணாகத் தைரியம் கொடுக்கிறது. மூன்றாவதில் பாதி உண்மை கலந்திருப்பதால் அதுதான் அதிகம் குழப்புகிறது. புடைப்பின் உருவம் நிஜமாகவே ஏதோ சொல்லத்தான் செய்கிறது. என்ன சொல்கிறது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

## அது என்ன, எங்கே வருகிறது

உடல் எடையில் மூளையின் பங்கு 2 சதவீதம்தான். ஆனால் இதயம் இறைக்கும் இரத்தத்தில் 15 முதல் 20 சதவீதம் அதற்கே போகிறது. கழுத்தின் முன்பக்கம் இரண்டும் பின்பக்கம் இரண்டுமாக நான்கு தமனிகள் அதைக் கொண்டு போகின்றன. (தமனி என்றால் இதயத்திலிருந்து இரத்தத்தை எடுத்துச் செல்லும் குழாய்.) மூளையின் அடித்தளத்தில் இவை ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு வளையமாகின்றன. 1664-இல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் தன் நூலில் இதை விவரித்ததால் இதற்கு வில்லிஸ் வளையம் என்று பெயர்.

இந்த வளையத்தில் குழாய்கள் கவைபோலப் பிரியும் இடங்களைத்தான் நாம் கவனிக்க வேண்டும். நேராக ஓடிவரும் இரத்தம் கவையின் நடுவில் மோதித்தான் இரண்டாகப் பிரிகிறது. நாள் முழுக்க, ஒவ்வொரு துடிப்புக்கும் அதே இடத்தில்தான் அடி விழுகிறது. அதோடு, மூளைத் தமனிகளின் சுவர் உடம்பின் மற்ற இடங்களில் இருப்பதைவிட மெல்லியது. மற்ற தமனிகளில் உள்ள வெளிப்புற மீள்தன்மைப் படலம் இவற்றில் இல்லை. இரத்த அழுத்தமும் புகைப்பழக்கமும் பரம்பரையும் சேர்ந்தால் சில பேருக்கு அந்த இடத்தில் சுவர் தளர்ந்து, பை போல வெளியே புடைக்கிறது. அதுதான் அனூரிசம். இனி இதைச் சுருக்கமாகப் பை என்றே சொல்கிறேன். பை குழாயோடு சேரும் வாய்ப்பகுதிக்குக் கழுத்து என்றும், அதற்கு எதிர்முனைக்கு உச்சி என்றும் பெயர்.

இது எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்று கேட்டால் பலர் அசந்துபோவார்கள். உலகின் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்ததில், பெரியவர்களில் 100-க்கு ஏறக்குறைய 3 பேருக்கு இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். 2011 கணக்கெடுப்பில் காரைக்குடி நகராட்சியின் மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். அதே விகிதம் இங்கும் பொருந்தும் என்று வைத்துக்கொண்டால், பெரியவர்களை மட்டும் கணக்கில் எடுத்தாலும் ஏறத்தாழ 2000 பேர் தலையில் இப்படி ஒரு பையோடுதான் மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் போய்வருகிறார்கள். பை உடைந்து இரத்தம் கசிவதோ, உலக சராசரியில், லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 10-க்கும் குறைவு.

உடைந்தால் மட்டும் விஷயம் மோசம். மூளையைச் சுற்றியுள்ள மெல்லிய இடைவெளியில் இரத்தம் பாய்கிறது. இதைச் சப்அரக்னாய்டு இரத்தக்கசிவு என்பார்கள். மூன்றில் ஒருவராவது உயிரிழக்கிறார். பிழைப்பவர்களிலும் பலருக்குப் பாதிப்பு தங்கிவிடுகிறது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பை இருப்பது அரிதல்ல, உடைவது அரிது, உடைந்தால் விபரீதம். ஆகவே மருத்துவருக்கு முன் இருக்கும் கேள்வி, இந்த 2000 பேரில் உடையக்கூடியவர் யார் என்பது.

## கொத்தனார் சுவரைப் பார்ப்பது போல

கானாடுகாத்தானிலோ ஆத்தங்குடியிலோ பூட்டிக் கிடக்கும் பழைய வீடுகளின் பின்கட்டுப் பக்கம் போயிருந்தால், வயிறு தள்ளி நிற்கும் சுவரைப் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்காரர் வந்து கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டுவார். அவர் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பார். எவ்வளவு தள்ளியிருக்கிறது, அடி எவ்வளவு அகலம், வயிறு ஒரே சீராக வளைந்திருக்கிறதா, இல்லை நடுவில் இன்னொரு முண்டு கிளம்பியிருக்கிறதா என்று பார்ப்பார். பார்த்துவிட்டு, “இது நிக்கும். அந்த மூலைக்கு மட்டும் இப்பவே முட்டுக் கொடுத்துருங்க” என்பார். எந்தத் தேதியில் விழும் என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்ல மாட்டார்.

உள்ளே சுண்ணாம்புக் காரை எவ்வளவு உதிர்ந்திருக்கிறது என்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. வெளியே தெரியும் உருவத்தை வைத்து உள்ளே இருக்கும் பலத்தை ஊகிக்கிறார். மூளையின் பையிலும் இதே கதைதான், ஆனால் ஸ்கேன் பார்ப்பவரின் நிலைமை கொத்தனாருடையதைவிடப் பரிதாபம். ஆஞ்சியோகிராம் என்பது குழாய்களுக்குள் ஓடும் இரத்தத்தைப் படமாக்கும் முறை. 1927-இல் போர்ச்சுகலின் ஏகாஸ் மோனிஸ் முதன்முதலில் மூளைக்கு இதைச் செய்தார். இன்று சி.டி. ஆஞ்சியோ, எம்.ஆர். ஆஞ்சியோ, இடுப்புத் தமனி வழியாகக் குழாய் விட்டு எடுக்கும் டி.எஸ்.ஏ. என்று பல வகை வந்துவிட்டன. எல்லாவற்றிலும் தெரிவது இரத்தம் நிரம்பிய உள்வெளிதான். மில்லிமீட்டரில் சிறு பின்னமே கனமுள்ள சுவர் படத்தில் சரியாகப் பிடிபடுவதில்லை. எது கிழியப் போகிறதோ, அதுவே படத்தில் இல்லை! அதனால்தான் உருவத்தைப் பிடித்துத் தொங்குகிறோம்.

ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும். காரைச் சுவர் தானாகச் சரியாகாது. தமனிச் சுவருக்கு உயிர் உண்டு. அதில் உள்ள செல்கள் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை உண்டாக்கிக்கொண்டும் கரைத்துக்கொண்டும் இருக்கின்றன. உண்டாவதும் கரைவதும் சமமாக இருந்தால் பை அப்படியே 30 வருஷம் நின்றுவிடும். கரைவது மிஞ்சினால் தளர்ந்துகொண்டே போகும்.

## அளவு மட்டும் போதாதா?

‘ஏழுக்குக் கீழே பயமில்லை’ என்ற பேச்சு காற்றில் வந்ததல்ல. 2003-இல் வெளியான ஒரு பெரிய சர்வதேச ஆய்வு, உடையாத பை உள்ளவர்களைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்தது. மூளையின் முன்பகுதித் தமனிகளில் 7 மி.மீ.-க்குக் குறைவான பை இருந்து, அதற்கு முன் வேறு பை உடைந்த வரலாறு இல்லாதவர்களில், 5 ஆண்டில் ஒருவருக்குக்கூட உடையவில்லை. 7 முதல் 12 மி.மீ. வரை 2.6 சதவீதம், 13 முதல் 24 வரை 14.5 சதவீதம்; 25-க்கு மேல் 40 சதவீதம். பின்பகுதித் தமனிகளில் கதையே வேறு. அங்கே 7-க்குக் குறைவான பைகளிலேயே 2.5 சதவீதம் உடைந்தன.

அளவு பெருத்தால் ஆபத்து பெருக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு இரத்தக்கசிவோடு வருகிறவர்களின் படத்தைப் பார்த்தால், உடைந்த பைகளில் பெரும்பகுதி 7 மி.மீ.-க்கு உட்பட்டதாகவே இருக்கிறது. முரண்பாடு போலத் தோன்றும் இதற்கு ஒரு சாதாரணக் கணக்கே பதில். ஊரில் சின்னப் பை 1000, பெரிய பை 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னதில் ஆண்டுக்கு 200-க்கு ஒன்று உடைகிறது, பெரியதில் 20-க்கு ஒன்று. அப்படியானால் உடைந்தவற்றில் சின்னது 5, பெரியது 1. ஒவ்வொன்றாகப் பார்த்தால் பெரியது பத்து மடங்கு ஆபத்து; ஆஸ்பத்திரியில் எண்ணிப் பார்த்தால் சின்னதே அதிகம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

ஆக, அளவை மட்டும் வைத்துக் கோடு போட்டால் சின்னப் பைகளில் உடையப்போகிற அந்தச் சிலதை விட்டுவிடுவோம். அதற்காகச் சின்னப் பைகளுக்கெல்லாம் ஆபரேஷன் செய்தால், அந்த ஆண்டில் உடையாத 995 பேருக்கும் சேர்த்துக் கத்தி வைக்கிறோம். அளவு ஒன்றாக இருக்கும் இரண்டு பைகளை எப்படிப் பிரித்தறிவது என்ற இடத்தில்தான் உருவம் உள்ளே வருகிறது.

## உருவத்தை எண்ணாக்குவது

‘ஒரு மாதிரி கோணலா இருக்கு’ என்று சொன்னால் விஞ்ஞானம் ஆகாது. அதை அளக்க வேண்டும். பல அளவைகள் உண்டு. புதிதாகப் படிப்பவருக்கு இரண்டு எண்களும் ஓர் அடையாளமும் போதும்.

முதல் எண் உயர–கழுத்து விகிதம். பையின் உயரத்தைக் கழுத்தின் அகலத்தால் வகுத்தால் கிடைப்பது. கழுத்து குறுகி உயரம் கூடினால் இது ஏறும். ஜப்பானில் உஜியே என்ற மருத்துவரின் குழு 1990-களின் இறுதியிலும் 2001-இலும் வெளியிட்ட ஆய்வுகளில், உடைந்த பைகளில் பெரும்பாலானவை இந்த விகிதம் 1.6-ஐத் தாண்டியும், உடையாதவற்றில் பெரும்பாலானவை அதற்குக் கீழும் இருந்தன. பின்வந்த ஆய்வுகளில் அந்த எல்லை முன்னே பின்னே நகர்ந்தது. 1.6 என்பதைக் கல்லில் வெட்டிய எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது பை–குழாய் விகிதம். பையின் உயரத்தை, அது முளைத்த தமனியின் (தாய்க்குழாயின்) விட்டத்தால் வகுப்பது. அமெரிக்காவில் பஃபலோ பல்கலைக்கழகக் குழு 2008-இல் இதை முன்வைத்தது. இதன் பின்னால் உள்ள யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும். 4 மி.மீ. பை என்பது 4 மி.மீ. விட்டமுள்ள பெரிய தமனியில் சாதாரணம், 1.5 மி.மீ. தமனியில் அது பூதம். அளவு என்று நாம் சொல்வதே எதோடு ஒப்பிட்டு என்பதைப் பொறுத்ததுதானே.

இரண்டு கற்பனை ஆட்களை வைத்துப் பார்ப்போம். கோட்டையூரில் ஓர் ஆச்சி: பை உயரம் 6 மி.மீ., கழுத்து 5, தாய்க்குழாய் 4. பள்ளத்தூரில் ஓர் அண்ணன்: உயரம் 5, கழுத்து 2.5, தாய்க்குழாய் 2. அளவை மட்டும் பார்த்தால் ஆச்சியுடையதுதான் பெரியது. விகிதத்தைப் போட்டால் ஆச்சிக்கு 1.2, 1.5, அண்ணனுக்கு 2, 2.5. கதை தலைகீழாகிறது. அண்ணன் புகைபிடிப்பவராகவும் இருந்துவிட்டால் மருத்துவர் அவரைத்தான் முதலில் உட்கார வைத்துப் பேசுவார்.

அடையாளம் என்று சொன்னது குட்டிப் பை. பையின் மேலேயே இன்னொரு சின்ன மொக்கு கிளம்பியிருப்பது. 2012-இல் ஜப்பானில் 5720 பேரின் 6697 பைகளைத் தொடர்ந்த ஆய்வு ஒன்று வெளியானது. இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. அதில் ஆண்டுக்குச் சராசரியாக 0.95 சதவீதம் பைகள் உடைந்தன. அளவு முதலான மற்றவற்றைக் கணக்கில் கழித்த பிறகும், குட்டிப் பை உள்ளவை இல்லாதவற்றைப் போல ஏறக்குறைய 1.6 மடங்கு உடைந்தன. முன்பக்கத்து இரு தமனிகளை இணைக்கும் முன் இணைப்புத் தமனியில் உள்ளவையும், பின் இணைப்புத் தமனியில் உள்ளவையும், நடுப்பெருமூளைத் தமனியில் உள்ளவற்றைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு உடைந்தன. இடமும் முக்கியம் என்று தெரிகிறது.

இவை தவிர, பையின் மேற்பரப்பு எவ்வளவு நெளிந்திருக்கிறது, கோளத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் கணினி முப்பரிமாணப் படத்திலிருந்து கணக்கிடும் குறியீடுகள் இருக்கின்றன. ஏ.ஐ. என்று வீடியோவில் வருவது பெரும்பாலும் இந்த அளவைகளையும், இவற்றைப் போல நூற்றுக்கணக்கில் வேறு அளவைகளையும் சேர்த்து நிறைய பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் நிரல்தான்.

சுருக்கமாக: உயரத்துக்குக் கழுத்து குறுகலா, குழாய்க்குப் பை பெரிசா, மேலே மொக்கு விட்டிருக்கிறதா. உருவம் என்று மருத்துவர்கள் பேசுவதில் முக்கால்வாசி இந்த மூன்று கேள்விகள்.

## உருவத்துக்கும் உடைவதற்கும் என்ன தொடர்பு

முதலில் அழுத்தம். லாப்லாஸ் விதி என்று ஒன்று உண்டு. கோளமான பையின் சுவரில் ஏறும் இழுவிசை, உள்ளழுத்தத்தையும் ஆரத்தையும் பெருக்கி, சுவர்க் கனத்தின் இரு மடங்கால் வகுத்தால் வரும். ஆரம் 2 மி.மீ.-லிருந்து 4 ஆனால் இழுவிசை இரட்டிப்பு. பை விரியும்போது சுவர் மெலியவும் செய்கிறது. கனம் பாதியானால் மறுபடி இரட்டிப்பு. அழுத்தம் அப்படியே இருக்கும்போதே நான்கு மடங்கு. இரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடச் சொல்வது இதனால்தான். அந்தக் கணக்கில் நம் கையில் இருப்பது அழுத்தம் ஒன்றுதான்.

இந்த விதியைப் பிடித்துக்கொண்டே போனால் ஓர் இடத்தில் இடறுவோம். குட்டிப் பையின் ஆரம் சிறியது. விதிப்படி அதன் சுவரில் இழுவிசை குறைவாக அல்லவா இருக்க வேண்டும்? அப்புறம் ஏன் அது ஆபத்தின் அடையாளம்? ஏனென்றால், அந்த இடத்தில் சுவர் ஏற்கெனவே விட்டுக்கொடுத்துவிட்டது. சுற்றியுள்ள பகுதி தாங்கிய அதே அழுத்தத்தை அந்தத் துண்டு மட்டும் தாங்காமல் வெளியே தள்ளியது. அங்கே கனமும் குறைந்திருக்கிறது, தரமும் குறைந்திருக்கிறது. குட்டிப் பையை ஆபத்துக்குக் காரணம் என்று பார்ப்பதைவிட, நடந்துவிட்ட ஒன்றுக்குச் சாட்சி என்று பார்ப்பதே சரி. உருவம் பற்றிய இந்த முழு ஆராய்ச்சியிலும் நினைவில் வைக்க வேண்டியது இதுதான் என்பேன்: சுவருக்கு இதுவரை என்ன நேர்ந்தது என்பதை உருவம் காட்டுகிறது, இனி நேரப்போவதை நாம் அதிலிருந்து ஊகிக்கிறோம்.

அடுத்து ஓட்டம். கழுத்து அகலமான, குட்டையான பைக்குள் இரத்தம் சுலபமாக நுழைந்து சுலபமாக வெளியேறும். கழுத்து குறுகி உயரம் கூடிய பையில், உச்சிப் பக்கம் இரத்தம் மந்தமாகச் சுழன்றுகொண்டே நிற்கும். தமனியின் உட்பரப்பை மூடியிருக்கும் செல்கள் தங்கள் மேல் உரசிப்போகும் இரத்தத்தின் வேகத்தை உணரக்கூடியவை. அந்த உரசலின் விசைக்குச் சுவர் உராய்வு விசை என்று பெயர். அது சீராக இருந்தால் செல்கள் ஒழுங்காக இருக்கும். மிகக் குறைந்து, திசையும் மாறிமாறி வந்தால் அவை அழற்சியைத் தூண்டுகின்றன, வெள்ளையணுக்கள் வருகின்றன, கொலாஜனைக் கரைக்கும் நொதிகள் சுரக்கின்றன. சுவர் உள்ளிருந்தே அரிக்கப்படுகிறது. அப்படியானால் உராய்வு அதிகமாக இருந்தால் நல்லதா என்றால், அதுவும் இல்லை. கவையில் பை முளைப்பதற்கே அளவுக்கு மீறிய உராய்வு ஒரு காரணம். சில பைகளில் வேகமான ஓட்டம் ஒரே இடத்தில் பாய்ந்து சுவரை மெலியச் செய்கிறது. குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். இரண்டு வெவ்வேறு வழிகளில் சுவர் தேய்கிறது என்று பஃபலோ குழுவினர் 2014-இல் எழுதினார்கள். இது பற்றி ஆய்வாளர்களுக்குள் சண்டை இன்னும் ஓயவில்லை.

## கணிப்பில் உள்ள ஓட்டைகள்

உருவ ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரி நடத்தப்பட்டவை. உடைந்த பைகளின் படங்கள் ஒரு பக்கம், உடையாதவை மறுபக்கம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்ப்பது. இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. உடைந்த பையின் படம் உடைந்த பிறகு எடுத்தது. இடிந்து கிடக்கும் சுவரைப் பார்த்து, நேற்று அது எப்படி நின்றிருக்கும் என்று கொத்தனாரிடம் கேட்பது போன்றது இது. உடையும்போதே பையின் உருவம் மாறலாம், இரத்தக்கட்டு அழுத்தலாம், உடைந்த இடத்திலேயே புதிதாக மொக்கு ஒன்று உண்டாகலாம். தற்செயலாக உடைவதற்கு முன்பும் படம் எடுத்திருந்த சிலரிடம் ஒப்பிட்டபோது, உருவம் மாறியிருந்தது நிஜமாகவே தெரிந்தது. ஆகவே உடையாத பைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளுக்கே எடை அதிகம். அப்படிப்பட்டவை குறைவு. நடத்தக் காலமும் பணமும் பிடிக்கும். ஆபத்து என்று தோன்றும் பைக்கு நடுவிலேயே சிகிச்சை செய்துவிடுவார்கள், அதுதானே நியாயம்.

இன்னொன்று அளவெடுப்பது. கழுத்து எங்கே முடிகிறது, குழாய் எங்கே தொடங்குகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். உயரம் 5, கழுத்து 3 என்று ஒருவர் அளந்தால் விகிதம் 1.67. இன்னொருவர் கழுத்தை 4 என்று அளந்தால் 1.25. ஒரு மில்லிமீட்டரில் ‘ஆபத்து’ ‘பரவாயில்லை’ ஆகிவிட்டது.

மூன்றாவது, ஏ.ஐ. வீடியோவை அனுப்பியவருக்கானது. ‘80 சதவீதம் துல்லியம்’ என்று ஒரு நிரலைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது உடையப்போகும் பைகளில் 100-க்கு 80-ஐச் சரியாகப் பிடிக்கும். உடையாதவற்றில் 20-ஐத் தவறாகச் சந்தேகப்படும். பை உள்ள 1000 பேரில் ஓர் ஆண்டில் 10 பேருக்கு உடையும் என்று எடுத்துக்கொண்டால், நிரல் 8 பேரைச் சரியாகச் சுட்டும். மீதி 990-இல் 198 பேரை வீணாகச் சுட்டும். மொத்தம் 206 பேருக்குச் சிவப்பு எச்சரிக்கை. அவர்களில் உடையப்போவது 8 பேருக்கு, அதாவது 100-க்கு 4 பேர். எச்சரிக்கை வந்தவர்களிலும் 96 சதவீதம் பேருக்கு அந்த ஆண்டு ஒன்றும் ஆகாது.

அப்படியானால் அந்த நிரல் குப்பையா? அப்படியும் சொல்ல முடியாது. எச்சரிக்கை வராத 794 பேரில் உடைவது 2 பேருக்கு, 400-க்கு ஒன்றுதான். எச்சரிக்கை வந்தவர்களின் ஆபத்து அவர்களுடையதைப் போல 15 மடங்கு. யாரை அடிக்கடி பார்க்க வேண்டும், யாரை நிம்மதியாக விடலாம் என்று வரிசைப்படுத்த இது உதவும். ‘உங்களுக்கு உடையும்’, ‘உடையாது’ என்று சொல்ல உதவாது.

## மருத்துவர் எப்படி முடிவெடுக்கிறார்

2014-இல் ஆறு ஆய்வுகளின் 8382 பேரின் விவரங்களைச் சேர்த்து பேசஸ் என்ற மதிப்பெண் முறை வந்தது. எந்த நாட்டவர் (ஜப்பானியருக்கும் பின்லாந்துக்காரருக்கும் ஆபத்து கூடுதல்), இரத்த அழுத்தம், வயது, பையின் அளவு, முன்பு வேறு பை உடைந்திருக்கிறதா, எந்த இடம் ஆகிய ஆறும் அதில் உண்டு. உருவம் இல்லை. புகைப்பழக்கமும் இல்லை. பை வளருமா என்பதைக் கணிக்க 2017-இல் வந்த எலாப்ஸ் என்ற இன்னொரு முறையில் உருவம் ஒழுங்கற்றதா என்பதும் ஒரு கேள்வி. வளரும் பை உடையும் வாய்ப்பு அதிகம் என்பது உறுதிப்பட்ட விஷயம். ஆகவே ஒரு தடவை எடுத்த படத்தைவிட, ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து எடுத்த இரண்டாவது படம் பல சமயம் அதிகம் சொல்லும்.

மறுபக்கம் சிகிச்சையின் ஆபத்து. மண்டையோட்டைத் திறந்து பையின் கழுத்தில் கிளிப் போடும் முறையை அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டேண்டி 1937-இல் செய்து காட்டினார். தமனி வழியாகவே போய் பையைப் பிளாட்டினச் சுருளால் நிரப்பும் காயில் முறை 1990-களில் குக்லியெல்மி என்ற மருத்துவரால் வந்தது. இப்போது ஓட்டத்தையே பையிலிருந்து திருப்பிவிடும் வலைக்குழாய்களும் உண்டு. உடையாத பைக்குச் செய்யும் இந்தச் சிகிச்சைகளில், பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், 100-க்கு ஏறத்தாழ 5 முதல் 8 பேருக்கு ஏதாவது சிக்கல் வருகிறது. ஆண்டுக்கு 200-க்கு ஒன்று உடையக்கூடிய பைக்கு, 75 வயதில், இந்த ஆபத்தை வாங்குவதா? அதே பை 35 வயதுக்காரருக்கு இருந்தால்? விடை ஒன்றாக இருக்காது.

இதில் ஒரு வேடிக்கை. கழுத்து குறுகிய பைதான் ஆபத்துப் பட்டியலில் மேலே ஏறுகிறது என்று பார்த்தோம். காயில் வைப்பதற்கும் அதுதான் வசதி. கழுத்து 4 மி.மீ.-க்கு மேல் அகலமாக இருந்தால் சுருள் வெளியே நழுவப் பார்க்கும். பள்ளத்தூர் அண்ணனுக்கு ஆபத்தைக் கூட்டிய அதே உருவம் அவருடைய சிகிச்சையைச் சுலபமாக்குகிறது.

## எப்போது ஓட வேண்டும்

இந்தப் பகுதியை மட்டும் அவசரமாகச் சொல்கிறேன். தலையில் அடித்தாற்போல ஒரே நிமிஷத்துக்குள் உச்சத்துக்கு ஏறும் தலைவலி, அதுவரை அப்படி ஒன்று வந்ததே இல்லை என்று சொல்லும்படியான தலைவலி. கூடவே வாந்தி, கழுத்து விறைப்பு, மயக்கம். இல்லையென்றால் திடீரென ஒரு கண்ணிமை தொங்கி, பார்வை இரண்டிரண்டாகத் தெரிவது. இவற்றுக்குச் சுக்குக் கஷாயமும் தைலமும் போட்டுக் காலை வரை காத்திருக்கக் கூடாது. உடைந்த பை மறுபடி கசிவது முதல் 24 மணி நேரத்தில்தான் அதிகம். காரைக்குடியிலிருந்து மதுரையானாலும் திருச்சியானாலும் ஏறக்குறைய 90 கி.மீ. 108-ஐ அழைத்து, இப்படிப்பட்ட தலைவலி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூளை ஸ்கேன் வசதியுள்ள இடத்துக்கு நேரே போவது நல்லது.

## ரிப்போர்ட் கையில் இருந்தால்

தற்செயலாகத் தெரியவந்த பைக்கு இந்த ஓட்டம் தேவையில்லை. நரம்பியல் அறுவை மருத்துவரைப் பார்க்க நாள் குறித்துக்கொண்டு போகலாம். போகும்போது கேட்க வேண்டியவை: பை எந்தத் தமனியில் இருக்கிறது, கழுத்து எவ்வளவு, தாய்க்குழாய் எவ்வளவு, மேற்பரப்பு சீராக இருக்கிறதா, அடுத்த படம் எப்போது. புகைப்பழக்கம் இருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். உடன்பிறந்தவர், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரில் இரண்டு பேருக்காவது இதே நோய் இருந்தாலோ, சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் நிறைய வரும் பரம்பரை நோய் வீட்டில் இருந்தாலோ அதையும் சொல்ல வேண்டும். அப்போது வீட்டில் மற்றவர்களுக்கும் ஸ்கேன் பார்க்கச் சொல்வார்கள்.

காகித ரிப்போர்ட்டோடு போனால் பாதிப் பயணம் வீண். அதில் ‘4 மி.மீ.’ என்ற ஒரே எண்தான் இருக்கும். மேலே சொன்ன விகிதங்களை அதிலிருந்து யாராலும் போட முடியாது. ஸ்கேன் சென்டரில் கேட்டு முழுப் படங்களும் உள்ள குறுந்தகட்டை (டிஸ்க்) வாங்கி, நகல் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவையும் முடிந்தவரை அதே வகை ஸ்கேனே எடுக்கச் சொல்லுங்கள். ஒரு தடவை எம்.ஆர்., மறு தடவை சி.டி. என்று மாற்றினால், அரை மில்லிமீட்டர் கூடியிருப்பது பை வளர்ந்ததாலா, மெஷின் மாறியதாலா என்று மருத்துவருக்கே சொல்லத் தெரியாது.